உல்டாவாகச் சுற்றிய ஃபேன்

நைனா,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் முப்பது வருஷம் நான் எழுதியது ஒரே விஷயம்தான். கூலிங் டவருக்குள் போகிற தண்ணீர் எவ்வளவு சூடு, வெளியே வருகிற தண்ணீர் எவ்வளவு சூடு, மணிக்கு ஒரு தரம், இரண்டு கட்டத்தில் இரண்டு எண். நீளமாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இதைச் சுருக்கமாகச் சொன்னால் நீ உடனே போன் போடுவாய், போனில் நான் வாழைமரம் யார் கட்டுவது, சீர்வரிசைத் தட்டு எத்தனை என்று பேச்சை மாற்றிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆவடியிலிருந்து வந்திருந்தபோது நேரிலேயே சொல்லப் பார்த்தேன். "நைனா, அந்த ஃபேனு..." என்று ஆரம்பித்தேன். நீ சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாய். "மண்டபத்துல ஃபேனு பத்தாதுன்னு நெனைக்கிறேன், ஏசி ஹால் கேக்கலாமா?" என்று முடித்தேன். நீயும் சரி என்றாய். இப்போது உன் கல்யாணம் ஏசி ஹாலில் நடக்கப்போகிறது என்றால், அதற்குக் காரணம் என் கோழைத்தனம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூரில் சர்வர்களை வைத்துப் பராமரிக்கிற கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய். வைகாசியில் இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற யமுனா என்னிடம் சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "ஆறு கார்டைக் காப்பாத்தத் துப்பில்லாதவன் நானு. என்னை நம்பி அவ்ளோ மெஷினை யாரு குடுப்பா?" என்றாயாம். அந்த ஆறு கம்ப்யூட்டர் கார்டும் உன்னால் போகவில்லை, நைனா. என்னால் போயின. இதைச் சொல்லத்தான் கடிதம். எப்படிப் போயின என்று முழுசாகச் சொல்லாவிட்டால் நீ நம்ப மாட்டாய். உன்னைச் சமாதானப்படுத்த அப்பா கதை கட்டுகிறார் என்பாய். என் மேல் உனக்கு இருக்கிற நம்பிக்கை அந்த மாதிரி. வினையே அந்த நம்பிக்கையால்தான் வந்தது.

ரிக் என்று நீ சொல்கிற அந்த இரும்புச் சட்டத்தை முதலில் கட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் மூடி இருக்க வேண்டிய கார்டுகளை வெளியே எடுத்து, கொடியில் துணி போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாய். "இது இன்னாடா பண்ணும்?" என்று கேட்டேன். "கணக்குப் போடும்பா." "யாரு கணக்கு?" "யாருதும் இல்ல. கிரிப்டோ காசுக்கான கணக்கு. போட்டுக்கினே இருந்தா காசு வரும்." ஏழாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்த பிள்ளை நீ. அந்த வீட்டில் இப்போது ஒரு இரும்புச் சட்டம் ஓயாமல் தானாகக் கணக்குப் போடுகிறது என்றதும் அம்மா அதற்குத் திருஷ்டி கழித்தாள். காசு வருமா வராதா என்று எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் பின்ரூமுக்குள் கால் வைத்ததும் முகத்தில் அடித்ததே அனல், அது எனக்குப் புரிந்தது. வாழ்நாளெல்லாம் நான் மேய்த்தது சூட்டைத்தான். "இதெல்லாம் ஊட்ல எதுக்குடா பேஜாரு" என்று காலையில் திட்டியவன், சாயந்திரம் அளவு டேப்போடு அந்த ரூமில் நின்றேன். நீ சிரித்தாய். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நீ இரண்டு டேபிள் ஃபேன் வைத்திருந்தாய். அது சூட்டை அந்த ரூமுக்குள்ளேயே ஊர்வலம் விடுகிற வேலை என்றேன். நான் ஈரக் கோணி கட்டினேன். ஈரம் பட்டால் கார்டு செத்துப்போகும் என்று நீ கத்தினாய். இப்படி ஒரு மாசம் ஆளுக்கு ஒரு யோசனை, ஆளுக்கு ஒரு சண்டை. சூட்டை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்பது மில்லில் நான் படித்த பாடம். கடைசியில் பழைய இரும்புக் கடையிலிருந்து அந்த மூன்று ஃபேஸ் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பின்சுவரை உடைத்து அதை மாட்டி, ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிளில் உன் கார்டுகளுக்கு ரேக் அடித்து, ஃபேன் நின்றால் ரிக்கும் நின்றுவிடுகிற மாதிரி இரண்டையும் ஒரே சுவிட்சில் கட்டினேன். மில்லில் பம்பு நின்றால் ஃபர்னஸ் நிற்குமே, அதே முறை. எல்லாம் முடித்துவிட்டு, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஃபேன் முழுக்க சில்வர் பெயிண்ட் அடித்தேன். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கம்பெனிக்காரன் போட்டிருந்த அம்புக்குறி மேலும் சேர்த்து அடித்தேன். என் ஃபேன் எந்தப் பக்கம் சுற்றும் என்று எனக்கு எவன் சொல்ல வேண்டும் என்ற திமிர்.

அன்றிலிருந்து ரூம் குளிர்ந்தது. ரூமில் இருந்த அனலெல்லாம் பின்பக்கம் சன்ஷேடுக்குக் கீழே கொட்டியது. அம்மாவுக்கு அது லாட்டரி. மழைக்காலம் வேறு. முதலில் துணி காயப்போட்டாள். அப்புறம் வடகம். அப்புறம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் யூனிஃபார்ம். கடைசியில் பழவேற்காட்டிலிருந்து உன் மாமா கொண்டுவந்த வாளை மீனை உப்புப் போட்டு அங்கே தொங்கவிட்டாள். உலகத்திலேயே கம்ப்யூட்டர் சூட்டில் கருவாடு போட்ட முதல் பெண்மணி அவளாகத்தான் இருப்பாள். "காசு வருதோ இல்லியோ, கருவாடு வருது" என்று அவள் சொன்னபோது நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய். ஆனால் குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டாய்.

இப்போது கார்த்திகை மாசம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாம் திருவாலங்காட்டுக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். வழக்கமாக வீடு பார்க்கப் பெரியவர்கள்தான் வருவார்கள், பெண் வருவதில்லை. யமுனா வந்தாள். "நான் இருக்கப்போற ஊட்டை நான் பாக்காம, எங்க சித்தப்பா பாத்து இன்னா பண்றது?" என்றாளாம். அவள் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்ட சாமி நம் வீட்டுப் படியேறி வருகிறார் என்று அம்மா இரண்டு நாளாக வீட்டைக் கழுவினாள், பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தாள். பாதி காய்ந்திருந்த கருவாட்டை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் என்னைக் கேட்டாள். "ஃபேனுக்குப் பின்னாடியே தொங்கட்டும். வாடையெல்லாம் அப்பிடியே வெளிய தள்ளிடும். ஊட்டுக்குள்ள ஒரு துளி வராது" என்று சொன்னவன் நான். அன்று காலையில்தான் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்படி வேலை நடந்தால் மூன்று கம்பியில் இரண்டு இடம் மாறிவிடுவது உண்டு. மாறினால் மூன்று ஃபேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் லைனில் வேலை நடந்த பிறகு, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று போய்ப் பார்ப்பது முதல் வேலை. முப்பது வருஷம் நான் தவறாமல் பார்த்த வேலை. அன்று வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஹாலில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் இருக்கும். காபி வந்தது. காபிக்குப் பின்னாலேயே அது வந்தது. ஃபர்னஸ் கதவைத் திறந்த மாதிரி ஒரு அனல், அதோடு வாளைக் கருவாடு. சாமி துண்டை எடுத்து மூக்கின் மேல் வைத்து "சாமி சரணம்" என்றார். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சாமிதான் பெருந்தன்மையாக, "கடல் கிட்ட ஊடு... காத்து நல்லா வருது" என்றார். அதற்குள் யமுனா எழுந்து பின்ரூமுக்குப் போய்விட்டாள். காக்களூரில் மோட்டார் செய்கிற யூனிட்டில் அவளுக்கு டெஸ்டிங் வேலை. நாளெல்லாம் மோட்டாரை ஓட்டிப்பார்த்து, சரியான பக்கம் சுற்றுகிறதா என்று டிக் போடுகிறவள். நாமெல்லாம் பின்னாலேயே போனோம். அவள் அண்ணாந்து ஒரு தரம்தான் பார்த்தாள். "மாமா, ஃபேனு உல்டாவா சுத்துதே" என்றாள்.

நானும் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "ஆமாம்மா, லைன் மாறிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்தது. ஆனால் நீ அதற்கு முன்னால், "எங்கப்பா முப்பது வருஷமா கூலிங்லயே இருக்காரு, இந்த செட்டப்பு மொத்தம் அவருதுதான்" என்று அவள் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. என் வாய் தானாகத் திறந்தது. "இல்லம்மா. டிசைனே அப்பிடித்தான்." அதோடு நிறுத்தினேனா? மழைக்காலத்தில் வெளிக்காற்று குளிர்ச்சி, அதனால் அதை உள்ளே இழுக்க வேண்டும், வெயில் காலத்தில் உள்காற்றை வெளியே தள்ள வேண்டும், சித்திரை வரைக்கும் இப்படித்தான் ஓடும் என்று ஒரு பாடமே எடுத்தேன். சித்தப்பா தலையாட்டினார். நீ என் காதோரம், "எப்பப்பா மாத்துன?" என்றாய். "காலைல" என்றேன். யமுனா கருவாட்டைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஓ" என்றாள். மில் மேனேஜர்கள் கேட்ட எத்தனையோ கேள்விக்கு அசராத எனக்கு அந்த "ஓ"வில் வியர்த்துவிட்டது.

அன்று சாயந்திரமே நீ நண்பன் கல்யாணத்துக்கு மதுரைக்கு ரயில் ஏறிவிட்டாய். "நீ இருக்கும்போது எனக்கு இன்னா கவலை" என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு கம்பியை இடம் மாற்றிப் போட ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அதற்கு ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபேன் நின்றால் ரிக் நிற்கும், நான்தான் அப்படிக் கட்டிவைத்தேனே. ரிக் நின்றால் உன் போனில் மணி அடிக்கும். நீ ஏன் என்று கேட்பாய். கரண்ட் போச்சு என்று சொல்லியிருக்கலாமே என்பாய். ஏற்கெனவே அன்று இரண்டு பொய் சொல்லியாகிவிட்டது, மூன்றாவது வேண்டாம் என்று எனக்கு ஒரு கொள்கை. ஆகவே, உண்மையான கரண்ட் கட்டுக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். நம் தெருவில்தான் தும்மினால் கரண்ட் போகுமே. ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அந்த ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நைனா, நாலு நாள் ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகவில்லை. மழை பெய்தது, இடி இடித்தது, பல்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வாழ்க்கை முழுக்கக் கரண்ட் கட்டைச் சபித்தவன், கரண்ட் போக வேண்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். போனிலேயே ரிக்கின் சூட்டைப் பார்த்துவிட்டு, "சூடு ஏறுதேப்பா" என்று நீ மதுரையிலிருந்து கேட்டாய். "பாத்துக்கிறேன்" என்றேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலாவது நாள் மத்தியானம் கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. சரியான பக்கம் சுற்றியிருந்தால் அந்த ஃபேன் சாரலை வெளியே தள்ளியிருக்கும். அது வரவேற்று உள்ளே இழுத்தது. டப் என்று ஒரு சத்தம். மெயின் ட்ரிப் ஆகி, வீடு முழுக்கக் கரண்ட் போனது. நான் காத்திருந்த கரண்ட் கட் வந்துவிட்டது.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். ரூமில் கருகல் நாற்றம். நான் முதலில் கார்டைப் பார்க்கவில்லை. உனக்குப் போன் செய்யவில்லை. முதலில் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த இரண்டு கம்பியையும் இடம் மாற்றினேன். அதற்கப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ மதுரையிலிருந்து ஓடிவந்தாய். ஆறு கார்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஃபேன் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து, "திருப்பிட்டியாப்பா?" என்றாய். "சாரல் அடிச்சுது, அதான்" என்றேன். நீ ரேக் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதற்கும் ஃபேன் இருக்கிற சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று சாண் போட்டு அளந்தாய். பிறகு, "நீ டிசைன் பண்ணப்ப ரேக்கு தள்ளி இருந்துச்சு. போன வாரம் நான்தான் செவுத்துகிட்ட நகத்துனேன். உன் கணக்கை நான் கெடுத்துட்டேன்பா. சாரிப்பா" என்றாய். என் பொய்யில் தப்பு இருக்க முடியாது, ஆகவே தப்பு உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தோளில் தட்டி, "பரவால்ல வுடு நைனா, அனுபவம்தான்" என்றேன். நீ மன்னிப்புக் கேட்டாய், நான் மன்னித்துவிட்டேன். பெரிய மனுஷன்.

அதற்கப்புறம் நீ ரிக்கைத் தொடவில்லை. ஆவடியில் சர்வீஸ் கடையில் கீபோர்டுக்குத் தூசி தட்டுகிற வேலைக்குப் போனாய். "எனக்கு மெஷின் ராசி இல்ல" என்று எல்லோரிடமும் சொன்னாய். அம்மா இன்னொரு பக்கம். மாலை போட்ட சாமி வந்த நாளில் கருவாட்டைத் தொங்கவிட்டதால்தான் பிள்ளையின் மெஷின் வெடித்தது என்று தானே முடிவு செய்து, உன் கல்யாணம் முடிகிற வரை கருவாட்டைக் கையால் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாள். ஆக, என் ஃபேனுக்கு இந்த வீட்டில் இரண்டு பேர் தண்டனை அனுபவித்தீர்கள். எனக்கும் கருவாடு கிடைக்கவில்லை என்றாலும் அதைத் தண்டனைக் கணக்கில் சேர்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தையில் நிச்சயதார்த்தம் முடிந்து யமுனா வந்தாளே, அன்று நேராகப் பின்ரூமுக்குத்தான் போனாள். அண்ணாந்து பார்த்தாள். "சித்திரை வரிக்கும்னீங்களே மாமா, தையிலயே டிசைன் மாறிடுச்சா?" என்று சிரிக்காமல் கேட்டாள். நான் காபி வருகிறதா என்று பார்க்கப் போனேன். போன வாரம் போன் செய்து, நீ வேலை வேண்டாம் என்கிற விஷயத்தைச் சொன்னவள், "நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிடும் மாமா. நீங்களே சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலன்னா, கோள் மூட்டினாலும் பரவால்லன்னு நான் சொல்லிடுவேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

நீ ஏழாவது படிக்கும்போது பந்தடித்து ஸ்டெபிலைசரை உடைத்துவிட்டு, உடைந்த பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்து உன் முதுகில் நாலு வைத்தேன். "உடைச்சதுக்கு இல்லடா, திருப்பி வெச்சதுக்கு" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். எனக்கு யாரும் முதுகில் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். யமுனா ஏதாவது உல்டாவாக இருக்கிறது என்றால், வாயைத் திறப்பதற்கு முன் எழுந்து போய்ப் பார். பார்த்த பிறகு சண்டை போட எவ்வளவோ நேரம் இருக்கிறது. உன் பிள்ளைகள் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நேரத்தில் இன்னும் ஜாக்கிரதையாக இரு. அப்போதுதான் மனுஷன் அதிகம் பொய் சொல்கிறான். அப்புறம், ரேக்கைச் சுவர் பக்கம் நகர்த்தினாயே, அது சரியான காரியம். ஃபேன் ஒழுங்காகச் சுற்றியிருந்தால் இன்னும் நன்றாகக் குளிர்ந்திருக்கும். அன்றே கவனித்தேன், எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றிவிட்டதே என்று பொறாமைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். உனக்கு மெஷின் ராசி இல்லை என்று யார் சொன்னது? உனக்கு அப்பன் ராசிதான் கொஞ்சம் கம்மி.

அன்று உன்னை மன்னித்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்ட மன்னிப்பு நான் கேட்க வேண்டியது. என்னை மன்னித்துவிடு, நைனா. ஃபேனில் சில்வர் பெயிண்டை பிளேடால் சுரண்டிவிட்டேன். அம்புக்குறி பளிச்சென்று தெரிகிறது. வந்து பார்.

இவ்வளவும் எழுதி முடித்து, உனக்கு அனுப்புமுன் இன்று காலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்தாள். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, "நீயே கேட்டுக்கினல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். மத்தியானம் தெருமுனை வரைக்கும் வாளைக் கருவாட்டுக் குழம்பு மணந்தது. ஆறு மாசத்துக்கு அப்புறம். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். என் தட்டில் ரசம் ஊற்றினாள். நான் குழம்புச் சட்டியைப் பார்த்தேன். "அது எனக்கும் புள்ளைக்கும். அவன் அந்த வேலைக்கு சரின்னு சொல்ற வரிக்கும் உனுக்கு ரசம்தான்" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நைனா. நீ நிதானமாக யோசித்தே முடிவு செய். நான் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா